மீசைக்காரன் பேரும் எம்பேரும்

லாரி ஓடுது. மேல படுதா இல்ல. மணலு கண்ணுல அடிக்கி. பின்னால பட் பட்டுன்னு சுடுத சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னும் கிட்டக்க.

"தலையக் குனியும் வே! குனியும்!"

கத்துதது இசக்கிமுத்து. பாபநாசத்துக்காரன். கொத்தனார். குவைத்துல நான் சோறு பொங்குன கொட்டகையில எம்பாய்க்கு அடுத்த பாய் அவனுக்கு.

சண்ட தொடங்குனது ஆடிப்பெருக்குக்கு மொத நாள். வியாழக்கெழம. விடியக்காலம். அடுப்புல பருப்பு கெடந்துது. தொவரம்பருப்பு இல்ல, அங்கன செவப்புப் பருப்புதான், வெரசாக் கொழஞ்சிரும். அது கொழையதுக்குள்ள தெருவுல டாங்கி வந்துட்டு. பக்கத்து நாட்டுப் பட்டாளம். அந்த நாட்டு ராசா மாதிரி ஒருத்தன், பெரிய மீசைக்காரன், அவன் அனுப்புன பட்டாளம். அவன் பேர இதுல சொல்ல மாட்டேன். சொன்ன வரைக்கும் போதும்.

தப்பிக்கதுக்கும் அவன் நாட்டு வழியாத்தான் போவணும். முக்குக்கு முக்கு அவன் படம். பட்டாள உடுப்புல ஒண்ணு. கோட்டுல ஒண்ணு. மடியில பச்சப்பிள்ளைய வச்சிக்கிட்டு ஒண்ணு. நம்ம ஊரு சாமிக்கே அத்தன கோலம் கெடையாது.

பட்டாளம் சோதன போடுத மொத வாசல்ல லாரிய நிறுத்துனாங்க. துப்பாக்கிய படத்தப் பாத்து நீட்டுனான் ஒருத்தன். வாழ்கன்னு கத்தணும். கத்துனா தண்ணி. நாங்க கத்துனோம். இசக்கிமுத்துக்கு வயித்தால போயி நாக்கு ஒட்டிக் கெடக்கு. சத்தம் வரல. அவன் பங்குத் தண்ணிய மணல்ல ஊத்திட்டான்.

மூணாவது வாசல்ல யாரும் துப்பாக்கி நீட்டல. படத்தக் கண்டதும் நாங்களே கத்துனோம். எனக்கே அவன் பெரிய ஆளாத்தான் தெரிஞ்சான். அப்படித்தான் ஏறுது மண்டைக்கு.

அவன் நாட்டத் தாண்டுன எல்லைக் கூடாரத்துல இசக்கிமுத்து போயிட்டான். நான் சமையக்காரன். வாய்க்கரிசி போட ஒரு பிடி அரிசி இல்ல.

கட்டுன சாரத்தோட, அந்த ஒத்த லுங்கியோட, நம்ம ஊரு வண்ணார்பேட்டையில வந்து எறங்குதேன். டீக்கடையில அதே மீசை! பேப்பர்ல கத்தரிச்சி பாய்லருக்கு மேல ஒட்டிருக்கு. நெத்தியில சந்தனப் பொட்டு. டீக்கடைக்காரரு சொல்லுதாரு,

"அண்ணாச்சி, ஒத்த ஆளா ஒலகத்தையே எதுத்து நிக்காரு பாத்தீரா வே! ஆம்பள!"

மணல்ல தண்ணி ஊத்துனதச் சொன்னேன்.

"பேப்பர்ல அப்படி ஒண்ணும் போடலியே வே."

சிரிக்கானுவ. எம்மவன் முருகனும் அங்கன நிக்கான். "எங்கப்பா பயந்து ஓடியாந்த ஆளு. அவருக்கு என்ன தெரியும்?"

குவைத்துல ஒம்பது வருசம் நெருப்புல வெந்து இவன வளத்தது நான். இவன் வாய் நெறைய மீசைக்காரன் புகழு. நேர்ல கண்டவன் சொன்னா சிரிக்கான். காணாதவன் சொன்னா கிளாசக் கீழ வச்சிட்டுக் கேக்கான். எம்பொஞ்சாதிகூட, "படத்துல லெச்சணமாத்தான் இருக்காரு"ன்னுட்டா. நாப்பது வருசத்துல என்னய ஒரு தரம் அப்படிச் சொன்னவ இல்ல.

தை மாசம் முருகனுக்கு ஆம்பளப்பிள்ள. எங்க வழக்கத்துல மவன் பிள்ளைக்கித் தாத்தா பேரு. எந்தாத்தா பலவேசம். நான் பலவேசம். அந்த ஒண்ணாவது எனக்குன்னு இருந்தேன்.

பேரு விடுத அன்னைக்கி முருகன் சொல்லுதான், "அவரு பேரக் காதுல சொல்லிருங்கப்பா. பிள்ளைக்கி வீரம் வரும்."

ரஷ்யாக்காரன் பேரு வச்ச பயலுவ நம்ம பக்கம் தெருவுக்கு ரெண்டு உண்டு. அதுக்காக நான் இருக்கையில எம்பேரனுக்கா?

பிள்ளைய மடியில வச்சாங்க. குனிஞ்சேன். பலவேசம். பலவேசம். பலவேசம். காதுக்குள்ள பைய சொன்னேன். ஒருத்தருக்கும் கேக்கல.

நிமுர்றதுக்குள்ள முருகன் மீசைக்காரன் பேரச் சத்தமாச் சொன்னான். வீடே திருப்பிக் கத்துச்சி. சொக்காரப் பங்காளிங்க, பொம்பளைங்க, தெருப்பிள்ளைங்க, எல்லாரும். ஒருத்தர் கையிலயும் துப்பாக்கி இல்ல.

பேரனுக்கு இப்ப பள்ளிக்கூடம் போற வயசு. பலவேசம்னு கூப்புடுதேன். வேற யாரையோ கூப்புடுதாப்புல போயிருதான்.

போனதச் சொல்லுதேன். ஒம்பது வருசப் பாடு. ஒரு தகரப்பெட்டி. இசக்கிமுத்து. அவன் பொஞ்சாதிக்கு எலும்பு கூட வந்து சேரல. குவைத்துப் பாதையில போனது அவன் ஒருத்தன். வண்ணார்பேட்டையில எனக்குப் போனது ரெண்டு பேரு, மவனும் பேரனும். ரெண்டு பேரும் எங்கூட ஒரே வீட்டுலதான் சாப்புடுதாங்க.