மூணு விரல் இறக்கம்

– இன்னும் மூணு விரல் இறங்கித்தான் இருக்குங்க.

– நல்லா வச்சுப் பாரு. உன் விரல் மெலிசு.

– ஆமா, உங்களைக் கட்டிக்கிட்டு உருண்டு திரண்டுட்டேனாக்கும்! முன் வீலுக்கு மேல நாலு விரல் போகுது. பின் வீலுக்கு மேல ஒரு விரலுக்கே மூச்சு முட்டுது. இது புது ஸ்பிரிங் போட்ட வண்டியா, டாக்டரே?

– ஸ்பிரிங் மட்டுமா புதுசு? ஷாக் அப்சர்வர் புதுசு, புஷ் புதுசு. ஆக்சிலை மொத்தமா இறக்கி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடிச்சு ஏத்தியிருக்கேன். வீல் தரையில உக்காந்த பொறகுதான் புஷ் போல்ட்டையே முறுக்கினேன். நீதானே ஸ்பேனர் எடுத்துக் குடுத்தே?

– குடுத்தேன். அப்புறம் ஏன் அடை காக்கற கோழி மாதிரி உக்காந்திருக்கு?

– ஸ்பிரிங் சொத்தை. வேற என்ன? போனைக் குடு. ஹலோ, முதலாளி! என்ன ஸ்பிரிங் குடுத்தீங்க, மெத்தைக்கு வைக்கறதா? ஆமா, அந்தப் பழைய மாடலுக்குத்தான். காலி வண்டி, அப்பவும் பின்னாடி தொங்குது. இருக்கறதுலயே முரட்டு ஜோடியா அனுப்புங்க. இதை உருவி வைக்கறேன், உங்க ஆளு வந்து தூக்கிட்டுப் போகட்டும். வைங்க போனை!

– பாவம் அந்த மனுஷன். நம்ம வேலையில எது கோணினாலும் கடைக்காரர் தலையில போட்டுட வேண்டியது.

– ஜாக்கியைத் தள்ளு, மகாராணி. கடைக்காரருக்கு அப்புறமா வக்காலத்து வாங்கலாம்.

*

– உருவியாச்சு ரெண்டையும். ஸ்டாண்டு ஆடுதா பாரு.

– ஆடல. நீங்க கொஞ்சம் இங்க வாங்களேன். டிக்கிப் பக்கம்.

– என்ன?

– நட்டு ஒண்ணு உருண்டுடுச்சேன்னு காந்தத்தை விட்டுத் தேடினேன். நட்டு கெடச்சிடுச்சு. ஆனா டிக்கி மூடியில இந்த ஒரு எடத்துல காந்தம் ஒட்டவே மாட்டேங்குது. இதோ, இங்க இன்னொரு எடம்.

– பட்டி வச்சுப் பூசியிருப்பாங்க. அடிபட்ட வண்டி எல்லாத்துலயும் உள்ளதுதானே.

– எங்கயாவது இடிச்சா உள்ளங்கை அகலத்துக்கு அமுங்கும். இது சட்டைப் பொத்தான் அகலம். உள்பக்கம் தடவிப் பாருங்க. அமுங்கினதைத் தூக்கல, ஓட்டையை அடைச்சிருக்காங்க.

– அட, ஆமா.

– டிக்கியில ஓட்டை போட்டது பின் சீட்டையும் துளைச்சிருக்கணும்ல? சீட்டுல ஒரு கீறல்கூட இல்ல. சீட்டைத் தூக்குங்க.

– ஏய், வண்டியை விட்டுட்டுப் போன அந்தம்மா சீட்டைத் தொடவே கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க.

– அதனாலதான் தூக்கச் சொல்றேன்.

– உன்கூடக் குடும்பம் நடத்தறதுக்கு... இரு, இந்தக் கொக்கியை விடுவிக்கறேன். யப்பா! என்ன இது, சாய்மானத்துக்குப் பின்னாடி இரும்பு!

– தகடா?

– தகடுதான். என் சுண்டுவிரல் தடிமன். அடியிலயும் ஒண்ணு ஓடுது. கதவுக்குள்ளயும் இருக்கும்போல. மூணு ஆளு கனம் தேறும்.

– அப்ப ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங்தான். சுமைதான் உள்ள ஒளிஞ்சு உக்காந்திருக்கு.

– டிக்கிப் பக்கம் பாரேன். தகட்டுல ரெண்டு குழி. அந்த ஓட்டைக்கு நேர் எதிர்ல. ஏய், இது... இது குண்டுடி!

– கத்தாதீங்க.

– கத்தல, நடுங்கறேன். யாரு வண்டி இது? அந்தம்மாவைப் பாத்தா எறும்புக்குக்கூட வழி விட்டு நடக்கறவங்க மாதிரி இருந்துச்சு.

– பாத்தா ஆயிரம் தெரியும். சீட்டை மாட்டுங்க. நாம ஒண்ணும் பாக்கல, நமக்கு ஒண்ணும் தெரியாது. முரட்டு ஸ்பிரிங் வந்ததும் போட்டு, கும்பிடு போட்டு அனுப்பிடலாம்.

– மாட்டிட்டேன். ஒரு நிமிஷம் இரு. ஹலோ, முதலாளி? நான்தான். கோவத்துல வாய் நீண்டுடுச்சு, மனசுல வச்சுக்காதீங்க. உங்க ஸ்பிரிங் மேல ஒரு தப்பும் இல்ல, சத்தியமா. வண்டிக்குள்ள இரும்புத் தகடு வச்சு அடைச்சிருக்காங்க, அதான் தொங்குது. என்னது, யாரு கேக்கறா? பக்கத்துல நிக்கறவரா? கலரா? நீலம்தான், புதுசா அடிச்சது. உள்ள பழைய சாம்பல் கலர் இன்னும் அங்கங்க...

– குடுங்க போனை!

– ஏன்டி புடுங்கறே? பேசிட்டு இருக்கேன்ல?

– அறிவிருக்கா? வாயை மூடச் சொல்லி இன்னும் வாய் மூடல, அதுக்குள்ள ஊருக்குத் தண்டோரா! கலரை யார் கேட்டது?

– கடையில நிக்கற யாரோ. பழைய வண்டி மேல ஆசையா இருக்கும். தப்பில்லாத மனுஷனைத் திட்டிட்டேனே, மன்னிப்புக் கேக்க வேண்டாமா?

– என்னை வருஷக்கணக்கா திட்டறீங்களே, அதுக்கு ஒரு நாளாவது போன் வந்திருக்கா?

– வேலை முடிஞ்சுதா, தம்பி?

– வா... வாங்கம்மா! சாயங்காலம்தானே வர்றதாச் சொன்னீங்க?

– வீட்டுல இருப்புக் கொள்ளல. உங்க பின்வாசல் வழியா வந்துட்டேன். சீட்டை எடுத்தீங்களா?

– சீட்டா? ஐயோ, நாங்க தொடவே இல்லம்மா, சத்தியமா...

– தையல் ஓரம் உள்ள மடிஞ்சு கெடக்கு. எடுத்திருக்கீங்க.

– எடுத்தோம்மா. நான்தான் எடுக்கச் சொன்னேன். அவரை ஒண்ணும் பண்ணிடாதீங்க.

– நான் என்னம்மா பண்ணிடப் போறேன்? நானே ஒளிஞ்சு திரியறவ. ஒரு வாய் தண்ணி குடுங்க. அப்படியே அந்த ஷட்டரை இறக்கிடுங்க.

– இறக்குங்க நீங்க. உக்காருங்கம்மா, இந்த டயர் மேலயே உக்காருங்க. யாருக்குப் பயந்து இப்படி ஒளியறீங்க?

– நாளைக்குக் காலையில கோர்ட்டுல நான் சாட்சி சொல்லணும். கொலைக் கேஸ். என் வீட்டு வாசல்லயே நடந்துச்சு. மாடியில வாடகைக்கு இருந்தவர் படியிறங்கி வர்றார், வாய்ச்சண்டை, அவ்வளவுதான் தெரியும். அடுத்த நிமிஷம் படியெல்லாம் ரத்தம். நான் ஜன்னல்ல நிக்கறேன். பாத்தவ நான் ஒருத்திதான்.

– கொன்னவன் ஜெயில்ல இல்லையா?

– ஜாமீன்ல இருக்கான். போன மாசம் இந்த வண்டியை ஓட்டிட்டுப் போறேன், பின்னாடியிருந்து ரெண்டு தடவை சுட்டாங்க. பயந்து முன்னாடியே அடிச்சு வச்ச தகடு இல்லேன்னா என் முதுகைத் துளைச்சிருக்கும். தகடு அடிச்சுக் குடுத்த வெல்டர் அன்னிக்கே கடையைப் பூட்டிட்டு ஊரை விட்டுப் போயிட்டார். அதனாலதான் உங்ககிட்ட தகட்டைப் பத்தி மூச்சு விடல.

– போலீஸ் காவல் தரலையாம்மா?

– வாசல்ல ரெண்டு பேரைப் போட்டிருக்காங்க. ஆனா நான் எப்ப வெளிய கெளம்பறேன்னு அவனுக்கு எப்படியோ தெரிஞ்சுடுது. யாரை நம்பறது, சொல்லுங்க? அதான் ரெண்டு நாளா யாருக்கும் சொல்லாம வேற வீட்டுல இருக்கேன். கலரை மாத்தினேன். நம்பரைப் படிக்கற தூரத்துக்கு அவனை வரவிடாம ஓட்டிடுவேன். ஆனா இந்த இறக்கம் தெருமுனையிலேருந்தே தெரியுது. ஒத்தைக் கிழவி போற வண்டி ஆறு பேரை அடைச்ச மாதிரி உக்காந்துக்கிட்டுப் போனா, இதோ நான்தான்னு கத்திக்கிட்டே போற மாதிரி ஆகாதா? நாளைக்கு ஒரு நாள் அது நிமிர்ந்து நின்னாப் போதும்.

– நேருக்கு நேர் வந்து மறிச்சா என்ன பண்ணுவீங்க?

– வர மாட்டான். என் முகத்தைப் பாத்து நிக்கற தைரியம் அவனுக்கு எப்பவும் கெடையாது. மார்க் கொறஞ்சா, பேப்பரைக் கதவுக்கு அடியில தள்ளிட்டு ஓடிடுவான்.

– உங்ககிட்ட படிச்ச பையனா?

– அ, ஆ எல்லாம் என்கிட்டதான் படிச்சான். அதை விடுங்க. தகடு இருக்கற விஷயம் உங்க ரெண்டு பேரோட இருக்கட்டும். வெளிய யாருக்கும் தெரியாதில்ல?

– அது வந்து...

– என்ன தம்பி?

– சொல்லுங்க. உங்க வாயாலயே சொல்லுங்க.

– ஸ்பேர் பார்ட்ஸ் கடையில ஒரு வார்த்தை சொல்லிட்டேம்மா.

– எந்தக் கடை?

– பாலத்துக்கு அடியில. இந்த மாடலுக்கு ஸ்பிரிங் வைக்கறது அந்த ஒரு கடைதானே?

– கடவுளே! அது அவனுக்கும் தெரியுமே.

– ஆம்பளை வண்டியா பொம்பளை வண்டியான்னுகூட சொல்லலம்மா, சத்தியமா. கடையில நின்ன ஒருத்தர் கலர் கேட்டார். அதை மட்டும்தான்...

– கலரைச் சொன்னீங்களா?

– நீலம்னு சொன்னேன். உள்ள சாம்பல்னு...

– முடிஞ்சுது, தம்பி. இனி நான் என்ன சொல்ல?

– அம்மா, தப்பா நெனைக்காதீங்க. எங்களுக்கும் புள்ளைங்க இருக்கு. நீங்க இப்பவே கெளம்பிடுங்க. கூலி எதுவும் வேண்டாம்.

– எதுல கெளம்புவாங்க? ஸ்பிரிங் ரெண்டும் தரையில கெடக்கு, ஆக்சில் அந்தரத்துல தொங்குது. வண்டியை உக்கார வச்சது நீங்க, அவங்களைக் காட்டிக் குடுத்ததும் நீங்க. இப்ப வெளிய போகச் சொல்றதும் நீங்கதானா?

– நான் என்னடி பண்ணட்டும்?

– உருவின ஸ்பிரிங்கையே மாட்டுவோம். இறங்கி நின்னாலும் ஓடுமில்ல? ஜாக்கிக்குப் போங்க. ஸ்பேனரை என்கிட்ட குடுங்க, உங்க கையில இப்ப நட்டு நிக்காது.

– ஸ்பிரிங் ரப்பர் மேல உக்காந்துச்சா?

– இல்ல.

– திருப்பு. கம்பியோட நுனி அந்தப் பள்ளத்துல விழணும்.

– விழுந்துடுச்சு. ஆக்சிலை ஏத்துங்க. மெதுவா! என் விரல் உள்ள இருக்கு!

– விரலை எடுத்துட்டியா?

– எடுத்துட்டேன், ஏத்துங்க. அம்மா, அந்தப் பெரிய போல்ட்டை உருட்டி விடுங்க. அது இல்ல, அதுக்குப் பக்கத்துல. ஆங்.

– உஷ். வெளிய ஏதோ வண்டி நிக்குது.

– அது நம்ம தெருவுல ஆயிரம் வண்டி.

– இல்லடி. நம்ம வாசல்லதான் இன்ஜினை அணைச்சாங்க.

– அம்மா, அந்த டிரம்முக்குப் பின்னாடி போய் உக்காருங்க. குனிஞ்சுக்குங்க. ஏங்க, நீங்க மூச்சு விடாதீங்க.

– அண்ணே! அண்ணே! ஷட்டரைத் தொறங்க. பட்டப்பகல்ல என்ன தூக்கமா?

– தொறக்காதே.

– கையை விடுங்க, கேட்டுப் பாக்கறேன். யாரது?

– நான்தாங்க்கா, கடையிலேருந்து. ஸ்பிரிங் கொண்டாந்திருக்கேன்.

– என்ன சொல்லி அனுப்பினாங்க?

– அதுக்கென்னக்கா இப்ப? அண்ணன் மொதல்ல திட்டினாராம், அப்புறம் மன்னிப்புக் கேட்டாராம். மன்னிப்புக் கேட்ட மெக்கானிக்கை என் ஆயுசுல இன்னிக்குத்தான் பாத்தேன்னு முதலாளி சிரிச்சு மாளல. தொறங்கக்கா, தோள்பட்டை கழண்டுடும்போல இருக்கு.

– போன தடவை இங்க வந்தப்ப என்ன கொண்டாந்தே?

– சைலன்சர். இறக்கறப்ப உங்க தண்ணிக் குடத்துல இடிச்சு நசுக்கிட்டேன். என்னைப் பரம்பரையோட சேத்து வாழ்த்தினீங்களே, மறந்துடுச்சா?

– அவன்தாங்க! நசுங்கின குடம் இன்னும் வீட்டுல இருக்கு. தூக்குங்க ஷட்டரை.

– அப்பாடா. நெஞ்சு அடைச்சே போயிருப்பேன். வாய்யா, வா. நீதானா அது!

– வேற யாரு வருவா? ஒரு கை பிடிங்கண்ணே. கல்லு மாதிரி கனம். நல்லவேளை, இதை பஸ்ல ஏத்திட்டு வரல. ஒருத்தர் தன் கார்லயே கொண்டாந்து விட்டார்.

– எந்த ஒருத்தர்?

– ரெண்டு நாளா நம்ம கடையில வந்து நிக்கறார், பாவம். வெளியதான் இருக்கார். அவங்க அம்மாவைத் தேடறாராம். கோவிச்சுக்கிட்டு, வீட்டுல இருந்த பழைய வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களாம். வண்டிக்கு ஸ்பிரிங் தேடி என்னிக்காவது இந்தக் கடைக்கு ஆள் வரும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கார். சொல்றப்பவே கண்ணு கலங்கிடுச்சுக்கா.

– அட, கலர் கேட்டது அவர்தானா! அம்மா, வெளிய வாங்க! உங்க மகனாம்மா! இப்படி ஒரு புள்ளை இருக்கறதா ஒரு வார்த்தை சொல்லலையே? நாங்க என்னமோ ஏதோன்னு செத்துப் பொழைச்சோம். இனி என்ன கவலை, நாளைக்குத் துணைக்கு அவரையே கூட்டிக்கிட்டுப் போங்க. தம்பி, அவரை உள்ள வரச் சொல்லு.

– ஷட்டரை இறக்கும்மா. நாளைக்குக் கோர்ட்டுல நான் கை நீட்டிக் காட்டப் போறது அவனைத்தான்.