சருகு நிறத்தில் ஒரு துப்பாக்கி

துப்பாக்கிக்கு வண்ணம் ஒற்றுவதற்குப் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு உதவாது. அதன் ஓட்டைகள் எல்லாம் ஒரே அளவு. ஒற்றினால் சேலையில் அச்சடித்த பூ மாதிரி வரிசையாக விழும். கடலில் எடுக்கிற ஸ்பாஞ்சுதான் வேண்டும். அதையும் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது, கையால் பிய்க்க வேண்டும். வெட்டினால் ஓரம் நேராகிவிடும். காட்டில் நேர்க்கோடு என்று ஒன்று கிடையாது. இருந்தால் கண் அங்கேதான் போய் நிற்கும்.

நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன், டிடெக்டிவ் அம்மா. அந்தப் பதிவுக் கருவி ஓடுகிறதா? ஓடட்டும்.

என் பெயர் லைல் கங்காஸ். வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் சாலைப் பிரிவில் பனி அள்ளும் லாரி ஓட்டினேன். வெர்ன் மாக்கியும் அதே வேலைதான். அவன் லாரி முன்னால் போகும், என்னுடையது பின்னால். ஏழாம் வகுப்பிலிருந்தே சிநேகம். நீங்கள் தெற்கே டெட்ராய்ட் பக்கத்துக்காரர் என்று சொன்னார்கள். அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நவம்பர் பதினைந்து எங்களுக்கு மான் வேட்டை தொடங்கும் நாள். பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டுவிடுவார்கள். அன்று காலையில் காட்டில் வெடிச்சத்தம் கேட்டால் யாரும் தலையைத் திருப்புவதில்லை.

அக்டோபர் கடைசியில் நான் எங்கள் வேட்டைக் குடிசைக்கு வடக்கே இருக்கிற மேட்டுக்குப் போய் ஒரு வாளி நிறையச் சருகு அள்ளி வந்தேன். காய்ந்த பெரணி, ஹெம்லாக் மரப்பட்டை, கொஞ்சம் பாசி. கராஜில் விளக்கடியில் பரப்பி வைத்து, பெயிண்ட் டப்பாக்களை ஒவ்வொன்றாக அவற்றின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். பலர் கடையில் ‘காட்டு நிறம்’ என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கிவிடுகிறார்கள். எந்தக் காடு, எந்த மாதம் என்று கேட்பதில்லை. எனக்கு வேண்டியது அந்த மேட்டில், அந்த ஹெம்லாக் மரத்தடியில், நவம்பர் பாதியில் இருக்கிற நிறம்.

முதலில் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைக்க வேண்டும். குழல் வாயையும் குறிபார்க்கும் தொலைநோக்கியின் கண்ணாடிகளையும் டேப் ஒட்டி மூட வேண்டும். அடியில் வெளிர் மண் நிறம். அது காய்ந்த பிறகு ஒரு காகிதத் தட்டில் பழுப்பைப் பீய்ச்சி, ஸ்பாஞ்சில் தொட்டு, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அதன் மேல் பாசிப் பச்சை, அங்கங்கே மட்டும். ஆசைப்பட்டு நிறைய ஒற்றிவிட்டால் எல்லாம் ஒரே சேறாகிவிடும். எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும். எனக்கு அது தெரியும்.

பழுப்பு ஒற்றிக்கொண்டிருந்த அன்று வெர்ன் வந்தான். கதவைத் தட்டுகிற பழக்கம் அவனுக்கு எப்போதும் இல்லை.

“என்னடா லைல், கல்யாணப் பொண்ணுக்குச் சிங்காரமா?”

“கிட்ட வராத. இன்னும் காயல.”

“மானுக்கு நிறமே ஒழுங்காத் தெரியாதுடா. யாரு கண்ணுக்கு மறைக்க இவ்வளவு மெனக்கெடுற?”

“செய்யற வேலையச் சுத்தமாச் செய்யணும். அவ்வளவுதான்.”

“இதத்தான் இர்மாவும் சொல்லுவா. சோப்பு டப்பாவக்கூட இவன் அளவெடுத்துத்தான் வைப்பான்னு.” சிரித்தான். பிறகு, “குடு, நானும் கொஞ்சம் ஒத்துறேன்” என்றான்.

கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். அவன் கேட்டான், கொடுத்தேன். பெரிய கை, தடித்த விரல்கள், ஆனாலும் நன்றாகவே செய்தான். “அழுத்தாத, தொட்டுத் தொட்டு எடு” என்று ஒரு முறைதான் சொன்னேன். துப்பாக்கிக் கட்டையில் நான் கன்னத்தை வைக்கிற இடம் முழுக்க அவன் கைவேலை. முடித்ததும் பின்னால் நகர்ந்து நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

“அம்சமா இருக்குடா. மேல்பூச்சு அடிச்சிட்டு இன்னும் மூணு நாள் காய விடு. இந்தக் குளிருல சட்டுனு காயாது.”

மூன்று நாள் இல்லை. வேட்டைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

இனி அந்தப் பனிக்கட்டி விஷயம். கோரி உங்களிடம் சொல்லியிருப்பான். வெர்னின் மருமகன் ஆயிற்றே, வருடத்துக்கு ஒரு முறை கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கும். பத்தொன்பது வருடத்துக்கு முன் மார்ச் மாதத்தில், உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போனோம். பனி உடைந்து நான் உள்ளே விழுந்தேன். வெர்ன் வயிற்றால் ஊர்ந்து வந்து கயிறு போட்டு என்னை இழுத்தான். அவனும் செத்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் வந்திருக்க மாட்டார்கள். இதை நான் எங்கும் மறுத்ததில்லை. இங்கேயும் மறுக்கவில்லை.

தண்ணீருக்குள் இருந்தபோது நான் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறேன். எனக்கு நினைவில்லை. வெர்னுக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு வருடமும் வேட்டைக்கு முந்தைய நாள் சாயங்காலம், குடிசையில் சவுனா நீராவிக் குளியல் முடிந்து எல்லோரும் பியரோடு உட்கார்ந்ததும், அவன் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வான். கையால் பலகையைப் பிறாண்டுவான். மெல்லிய குரலில், “அம்மா... அம்மா... கால் குளிருதும்மா...” என்பான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பத்தொன்பது முறை சிரித்திருக்கிறேன். அதற்காக ஒருவனைக் கொல்வார்களா? நீங்கள் நேற்று அப்படித்தான் கேட்டீர்கள். மாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

என் மனைவி இர்மா ஆகஸ்டில் இறந்தாள். கணையத்தில் புற்று. கடைசி மூன்று வாரம் அவள் சிரிக்கவே இல்லை. பேச்சும் குறைந்துவிட்டது. நான் பக்கத்திலேயே இருந்தேன். தண்ணீர் கொடுத்தேன், தலையணையைத் திருப்பினேன், செய்தித்தாள் படித்துக் காட்டினேன். எதற்கும் முகம் மாறவில்லை. ஒரு நாள் மத்தியானம் வெர்ன் வந்தான். அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஆஸ்பத்திரித் தரையில் படுத்தான்.

“அம்மா... கால் குளிருதும்மா...”

இர்மா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “போதும் வெர்ன், வலிக்குது” என்றாள், திரும்பவும் சிரித்தாள். வாசலில் வந்து நின்ற நர்சும் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், அம்மா. அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே பார்த்தாள். இரண்டு நாள் கழித்துப் போய்விட்டாள். நாற்பது வருடத்தில் அவள் என்னைப் பார்த்த கடைசிப் பார்வை அதுதான்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். கோபக்காரன் ஆகஸ்டிலேயே ஏதாவது செய்திருப்பான். நான் செப்டம்பரில் தோட்டத்து உருளைக்கிழங்கை எடுத்தேன். கூரைக்குத் தார் பூசினேன். அதற்குப் பிறகுதான் ஸ்பாஞ்சு வாங்கினேன்.

பதினான்காம் தேதி சாயங்காலம் வெர்ன் அந்த வேடிக்கையைச் செய்யவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. கோரி, “மாமா, இந்த வருஷம் பனிக்கட்டிக் கதை இல்லையா?” என்று கேட்டான். வெர்ன் என் பக்கம் பார்த்து, “இந்த வருஷம் வேணாம்டா, அவன் மனசு சரியில்ல” என்றான். என் தட்டில் கறி அடைத்த பாஸ்டி ரொட்டி இன்னொன்றை எடுத்து வைத்தான். அவன் மனைவி ஆர்லீன் செய்து அனுப்பியது, நல்ல சூடு. நான் சாப்பிட்டேன்.

மனம் மாறவில்லையா என்று கேட்கிறீர்கள். துப்பாக்கி தயாராக இருந்ததே.

விடிவதற்கு முன்பே அவரவர் இடத்துக்குப் பிரிந்தோம். நான் தெற்கே சதுப்புப் பக்கம் போவதாகச் சொல்லிவிட்டு, ஓடையைச் சுற்றி வடக்கு மேட்டுக்கு வந்தேன். சட்டப்படி எல்லோரும் ஆரஞ்சு மேலங்கி போட வேண்டும். நான் என்னுடையதைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தேன். ஹெம்லாக் மரத்தடியில் உட்கார்ந்து, குழலை அதன் தாழ்ந்த கிளையில் சாய்த்துக்கொண்டேன். வெர்ன் கீழே, தொண்ணூறு அடி தூரத்தில், வழக்கம்போல ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். ஆரஞ்சுத் தொப்பி, ஆரஞ்சு மேலங்கி. தீக்கங்கு மாதிரி தெரிந்தான்.

வெளிச்சம் வந்தது. லேசாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. அவன் இரண்டு முறை என்னை நேராகப் பார்த்தான். ஒரு முறை தொலைநோக்கியை எடுத்து மேட்டை இடமிருந்து வலமாக மெதுவாகத் துழாவினான். என் மேலேயே வந்து, நிற்காமல் கடந்து போயிற்று. முப்பது வருடம் வேட்டையாடிய கண். உண்மையைச் சொல்வதென்றால், எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நிமிடத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.

அவன் ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றினான். நான் விசையை அழுத்தினேன்.

தொண்ணூறு அடியில் எப்படிக் குறி தவறியது, இடுப்புக்குக் கீழே ஏன் பட்டது என்று உங்கள் அறிக்கையில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். நான் முப்பது மான்களுக்கு மேல், மானுக்கு ஒரு தோட்டா என்று, வீழ்த்தியவன். குறி தவறவில்லை. நெஞ்சில் பட்டிருந்தால் அவன் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். அவன் யாரைக் கூப்பிடுகிறான் என்று எனக்குக் கேட்க வேண்டியிருந்தது.

அவன் என்னைக் கூப்பிட்டான்.

“லைல்! லைல்! அடிபட்டுடுச்சுடா!” என்றான். காட்டில் குரல் நன்றாகவே வந்தது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். பிறகு, “லைல், எவனோ கண்ணு தெரியாம சுடுறான். பாத்து வாடா. குனிஞ்சு வா. உன்னையும் அடிச்சிடப் போறான்” என்றான்.

நான் அசையவில்லை. அசைந்தால் அந்த வண்ணமெல்லாம் வீண். இடுப்புவாரை உருவித் தொடையில் கட்டப் பார்த்தான், கை நழுவியது. ஆர்லீனைப் பற்றி ஏதோ சொன்னான், பிடிபடவில்லை. மறுபடி என் பெயர். நாற்பது நிமிடம் ஆயிற்று. நான் கடிகாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு முறைகூட அவன் அம்மாவைக் கூப்பிடவில்லை. கடைசியில், ரொம்ப மெதுவாக, “வராதடா, அங்கயே இரு” என்றான். அதற்குப் பிறகு பேசவில்லை.

நான் ஓடை வழியாகத் திரும்பிச் சதுப்புக்குப் போனேன். ஒன்பதரைக்குக் கோரி அலறியதும் பையிலிருந்த மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு மற்றவர்களோடு ஓடி வந்தேன். தூக்குப் படுக்கையின் முன்பக்கத்தை நான்தான் பிடித்தேன். எல்லோர் மேலங்கியும் பனியில் நனைந்திருக்க என்னுடையது மட்டும் காய்ந்திருந்ததை நீங்கள் கவனித்தீர்கள். கெட்டிக்காரர். ஆனால் அதைவிட நேற்று நீங்கள் காட்டிய படம்தான் என்னைத் தலைகுனிய வைத்தது. ஹெம்லாக் கிளையில் ஒட்டியிருந்த பெயிண்ட். மண் நிறம், அதன் மேல் பழுப்பு, அதன் மேல் பச்சை, அடுக்கு கலையாமல் அப்படியே உரிந்து வந்திருந்தது. மேல்பூச்சு காய இன்னும் ஒரு நாள் விட்டிருக்க வேண்டும். வெர்ன் சொன்னது சரிதான். அப்படி அரைகுறையாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

ஆமாம், நான்தான் சுட்டேன். தெரிந்தே, திட்டமிட்டு. அவன் பிழைத்திருக்கக்கூடிய நாற்பது நிமிடமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் கோரி என்னிடம், “எங்களால முடியாது, நீங்க போய்ச் சொல்லுங்க” என்றான். நான்தான் ஆர்லீன் வீட்டுக்குப் போனேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “ரொம்ப வலிச்சிருக்குமா லைல்? யாரையாச்சும் கூப்பிட்டிருப்பாரா?” என்று கேட்டாள். “இல்ல ஆர்லீன், அடிச்ச நொடியே போயிட்டான். அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது” என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். வெகு நேரம் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நெஞ்சில் ஈரமில்லாதவனுக்கு அப்படி ஒரு பொய் சொல்லத் தோன்றுமா, அம்மா?