துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்த நாள்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு வராது. எழுதிக் கொண்டுவந்ததைத்தான் படிக்கப் போறேன், மன்னிச்சுக்கங்க... தாளு ஆடினா காத்துன்னு நெனச்சுக்கங்க.

ஓடையைச் சுத்தம் பண்ணப் போற பெண்களுக்குப் பாம்பு பயம் இருக்கு. அதனால மச்சக்காளை மாமாவை அவரு துப்பாக்கியோட கரையில காவலுக்கு நிறுத்தலாம்னு போன கிராமசபைக் கூட்டத்துல தலைவர் சொன்னார். எல்லாரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். இன்னிக்கு அதைத் தீர்மானமா எழுதுறதுக்கு முன்னாடி, அந்தத் துப்பாக்கியோட கதையைக் கொஞ்சம் கேளுங்க. சின்னக் கதைதான். மாமா முன்வரிசையில இருக்கார், அனுமதி வாங்கிட்டேன். "சொல்லு தாயி, மீசையைப் பத்தி மட்டும் பேசாத"ன்னார்.

மாமாவோட வாழைத்தோப்புல கண்ணாடி விரியன் அதிகம். லைசென்ஸுக்கு மூணு வருஷம் அலைஞ்சார். கிடைச்சதும் மதுரையில துப்பாக்கிக் கடைக்குப் போனார். கடைக்காரர் முதல்ல நீளமா ஒன்னை எடுத்தார். ஒரு தோள்ல வாழைத்தார், ஒரு தோள்ல இது, அப்புறம் மண்வெட்டியை எங்க வைக்கிறதுன்னு மாமா கேட்டார். அடுத்தது சட்டைப் பையில அடங்குற மாதிரி ஒன்னு. பாம்பே சிரிக்கும்னு வச்சுட்டார். கடைசியா இடுப்பு பெல்ட்ல நிக்கிற மாதிரி ஒன்னு. கைக்கு அடக்கம். கண்ணாடி முன்னால நேரா நின்னு பார்த்தார். பக்கவாட்டுல நின்னு பார்த்தார். மீசையை... சரி, அது வேண்டாம்.

கடைக்காரர் கேட்டாராம்: "அண்ணாச்சி, பாம்பு எங்க கடிக்கும்?"

"கால்லதான்."

"கால்ல என்ன போடுவீங்க?"

மாமா குனிஞ்சு பார்த்தார். வெறுங்காலு! செருப்பைக் கடை வாசல்லயே கழட்டிட்டு வந்திருந்தார். தோப்புலயும் அப்படித்தானே? பயிர் நிக்கிற மண்ணைச் செருப்புக் காலோட மிதிக்க மாட்டார்.

இதைக் கேட்டதும் ஒச்சம்மா அத்தை உரக்கடைக்குப் போய், முழங்கால் வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ் வாங்கிட்டு வந்துட்டாங்க. மாமா தொடவே இல்ல. அத்தை சொன்னாங்க: "மண்ணுக்குக் கோபம் வந்தா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். நீங்க போடுங்க." ரெண்டு மாசம் அந்த பூட்ஸுக்குள்ள பல்லிதான் குடியிருந்துச்சு.

அப்ப வந்துச்சு... தேர்தல்! தேர்தல் வந்தா துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும் இல்லையா? ஒப்படைச்சார். மறுநாள் காலையில தோப்புக்குக் கிளம்புறார், இடுப்பு லேசா இருக்கு. பயம் வந்துருச்சு. யாரும் பார்க்காத நேரமா பூட்ஸை மாட்டிக்கிட்டார்.

வாய்க்கால் ஓரம் காஞ்ச வாழைச் சருகு. அதுக்குள்ள இருந்து குக்கர் ஆவி விடுற மாதிரி உஸ்ஸுன்னு சத்தம். தோப்புக்குள்ள யாரு சோறு ஆக்குறதுன்னு திரும்புறார்... கணுக்காலுக்கு மேல டப்புன்னு ஒரு அடி. விரியன் போயிருச்சு. ரப்பர்ல ரெண்டு ஈரப் பொட்டு.

மாமா அப்படியே வரப்புல உக்காந்துட்டார். அத்தை ஓடி வந்தாங்க. பூட்ஸைக் கழட்டிக் காலைத் தடவித் தடவிப் பார்த்தாங்க. ஒரு கீறல் இல்ல. "எந்திரிங்க, வாய்க்கால் தண்ணி வீணாப் போகுது"ன்னாங்க.

அந்த நேரம் துப்பாக்கி எங்க இருந்துச்சு? ஸ்டேஷன் பீரோவுல. பத்திரமா. ஒரு பாம்பும் அதை நெருங்கல.

தேர்தல் முடிஞ்சு அதைத் திரும்ப வாங்கப் போனப்ப, மாமா பூட்ஸ் போட்டுக்கிட்டுதான் ஸ்டேஷனுக்குப் போனார்.

இதை எதுக்குச் சொல்றேன்? மாமாவைக் கேலி பண்றதுக்கு இல்ல. இடுப்புல துப்பாக்கி இருந்திருந்தாலும் எடுக்க நேரமில்லன்னு அவரே சொல்றார். நாம பார்த்த பாம்பைத்தான் சுட முடியும். நம்மளைக் கடிக்கிறது நாம பார்க்காத பாம்பு. போன வருஷம் பாம்பு கடிச்சுப் பதினெட்டு நாள் பெரியாஸ்பத்திரியில கிடந்த செவனம்மா அக்காவைக் கேளுங்க, கண்ணால பார்த்தாங்களான்னு. ஓடையில கோரைப் புல்லுக்குள்ள நாற்பத்திரண்டு பேர் இறங்குறாங்க. எண்பத்து நாலு காலு... ஒரு துப்பாக்கி. மாமா எதைக் குறி வைப்பார்?

திங்கட்கிழமை வேலை தொடங்குது. நான் இந்தக் கூட்டத்துல இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன், தலைவர் ஐயா. தீர்மானத்துல துப்பாக்கின்னு எழுதப் போற இடத்துல பூட்ஸுன்னு எழுதுங்க. நாற்பத்திரண்டு ஜோடி. வீடு வீடாப் போய்க் காலை அளந்துட்டேன். இந்தத் தாளோட பின்பக்கம் இருக்கு.

முதல் பேரு எங்க அம்மா. ஆறாம் நம்பர்.