பதினைந்தாவது கூடு

பெட்டியின்மேல் ‘புதியது’ என்று அச்சடித்திருந்தால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். துணை ஷெரீப் ஐயா, நீங்களும் அந்த ரகம்தான் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். என் கோட்டுப் பையில் சுட்டுத் தீர்ந்த ரைபிள் தோட்டாக்களின் வெற்றுக் கூடுகள் பதினைந்து எப்படி வந்தன என்று கேட்டீர்கள். என் மைத்துனன் டெல்மர் செத்துக் கிடந்த இடத்தில் நீங்கள் கேட்டவற்றிலேயே அது ஒன்றுதான் உருப்படியான கேள்வி. ஆகையால் பதில் எழுதுகிறேன்.

கடையிலிருந்து வருகிற ஐம்பது பித்தளைக் கூட்டில் பத்துக்காவது வாய் நசுங்கியிருக்கும். லாரியில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தவை. முதலில் எல்லாவற்றையும் அச்சுக்குள் கொடுத்து எடுத்து வாயை வட்டமாக்க வேண்டும். பிறகு நீளம். அளந்து, நீண்டதைக் கடைந்து, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடைந்த வாயில் பிசிறு நிற்கும், அதை உள்ளும் புறமும் வழிக்க வேண்டும். அடியில் தீ ஏறுகிற ஓட்டையைத் துளைத்தபோது விட்டுப்போன பித்தளைச் சுருள் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் சுரண்ட வேண்டும். அப்புறம் தராசு. இவ்வளவும் ஆனபிறகுதான் வெடிமருந்தும் குண்டும். முப்பத்தொரு வருடம் மர ஆலையில் ஈரப்பலகை இழுத்த கை என்னுடையது. விரல் சரியாக மடங்காது. ஒரு கூட்டுக்கு எட்டு நிமிடம் ஆகும்.

டெல்மருக்கு ஒரு நிமிடமும் ஆகாது. பெட்டியைப் பிரிப்பான், மருந்தைப் போடுவான், சுடுவான். மானை விட்டுவிட்டு மலையைச் சுட்டுவிட்டு, காற்று இழுத்துவிட்டது என்பான்.

“அவனுக்கும் சேத்துப் பண்ணிக் குடுங்களேன். உங்க கை பட்டாலாவது ஒரு மானக் கொண்டாருவான்” என்றாள் என் மனைவி ருத்தான். அவளுக்கு ஒரே தம்பி. சரி என்று போன குளிர்காலம் ஐம்பது கூடு தயாரித்து, தோட்டாவாகக் கட்டிக் கொடுத்தேன். ஊருக்கு வெளியே சரளைக்கல் குழியில் பீர் டப்பாவை நிறுத்தி ஐம்பதையும் சுட்டுவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தான்.

“கூடெல்லாம் எங்கடா?”

“அங்கதான் கெடக்கும். ஏன், மொன்டானாவுல பித்தளைக்குப் பஞ்சமா மச்சான்?”

உங்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். ஒருமுறை சுட்ட கூடு அந்தத் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்கு ஏற்ப விரிந்து படிந்துவிடும். அதற்குப் பிறகுதான் அது நல்ல கூடு. புதியதை அவ்வளவு பாடுபட்டுப் பக்குவம் செய்வதே அடுத்தடுத்த முறை மருந்து நிரப்பிச் சுடுவதற்காகத்தான். அவன் அதைச் சேற்றில் மிதித்துவிட்டு வந்தான்.

நான் கேட்டதை அவன் ஊர் பாரில் கதையாக்கினான். ஆலைக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். “எங்க மச்சான் நாப்பத்தேழு வயசுலதான எழுத்துக் கூட்டவே கத்துக்கிட்டாரு! மொத்தத்துல படிச்சு முடிச்சது ஒரே புஸ்தகம், தோட்டா கட்டுற புஸ்தகம். அவருக்கு அதான்டா பைபிளு. ஒரு கூடு தொலைஞ்சா பாவமன்னிப்புக் கேக்கணும்.” மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

இந்த வருடமும் ஐம்பது செய்து கொடுத்தேன். ருத்தான் கேட்டாள். இந்த முறை ஒரு நிபந்தனை வைத்தேன்: “ஒண்ணு கொறையாம எனக்குத் திரும்பி வரணும்.”

“எண்ணியே வாங்கிக்க மச்சான்” என்றான் டெல்மர்.

நவம்பரில் எல்க் என்கிற பெரிய மான் வேட்டைக்குப் போனோம். கூடாரத்தில் நாங்கள் இரண்டே பேர். அன்று மதியம் டெல்மர் மட்டும் இருபது தோட்டாவை எடுத்துக்கொண்டு வடக்குச் சரிவில் இறங்கினான். எனக்கு முட்டி வலி. அடுப்பருகே உட்கார்ந்திருந்தேன். இரண்டு பத்துக்கு மூன்று வெடி கேட்டது. சீரான இடைவெளியில் மூன்று. எங்கள் மலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆபத்து, வா. கேட்டவன் பதிலுக்கு ஒன்று சுட வேண்டும்.

செத்த மானை இழுக்க ஆள் கூப்பிடுகிறான், சோம்பேறி, என்று நினைத்தேன். இரண்டே முக்காலுக்கு மறுபடியும் மூன்று. பிறகு இன்னும் மூன்று. மான் விழுந்த சந்தோஷத்தில் எவனும் ஒன்பது குண்டு சுடமாட்டான். அது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

வேறு யாரோ சுட்டதாக நினைத்தேன் என்றும் சொல்லமாட்டேன். அது என் தோட்டாவின் சத்தம். ஒவ்வொன்றும் ஒரே அளவு. ஒவ்வொரு முறையும் அவன் துப்பாக்கித் தாழான போல்ட்டைப் பின்னால் இழுப்பான், அறையிலிருந்து சூடான கூடு தெறித்துப் பனியில் புதையும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு. பதினைந்து. கடைசி வெடி நாலே காலுக்கு. பதிலுக்கு நான் ஒன்று சுட்டிருந்தால், ஆள் வருகிறது என்று அவன் தெரிந்துகொண்டிருப்பான். கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசிக்கட்டும் என்று விட்டேன். மனிதனுக்கு ஒரு தடவையாவது யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும். காற்றில் எதுவும் கேட்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா? அன்று காற்றே இல்லை. பீன்ஸைச் சூடாக்கிச் சாப்பிட்டேன்.

விடிந்ததும் இறங்கினேன். அரை மணி நேர நடை. பனியின் கீழே கிடந்த மரக்கட்டைகளுக்கு நடுவில் அவன் கால் இறங்கி, முட்டிக்குக் கீழே முறிந்திருந்தது. உயிர் இருந்தது. உதடு நீலம். அவனைச் சுற்றிப் பனி முழுக்க இழுபட்ட தடம். அந்தக் காலோடு தவழ்ந்து தவழ்ந்து கூடுகளைப் பொறுக்கித் தொப்பியில் போட்டு வைத்திருந்தான்.

“வந்துட்டியா மச்சான்” என்றான். “எல்லாம் இருக்கு. எண்ணிக்க.”

எண்ணினேன். “பதினாலுதான்டா இருக்கு. நீ பதினஞ்சு சுட்ட.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “எண்ணிக்கிட்டா இருந்த?” என்றான்.

இன்னொரு கூட்டைத் தேடப் போனேன். மண்டியிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, அவன் தடம் போன இடமெல்லாம் பனியை விரலால் சலித்தேன். நடுவில் அவன் கையைத் தூக்கித் துப்பாக்கியைக் காட்டினான். புத்தி கலங்கியவன் ஏதாவது செய்துகொள்ளப் போகிறான் என்று அதைத் தள்ளி வைத்தேன். அந்த அளவுக்கு எனக்கு அக்கறை இருந்தது. என் பையில் சூடான காப்பி ஒரு பிளாஸ்க் நிறைய இருந்தது. நீங்கள் திறந்து பார்த்தபோதும் நிறையத்தான் இருந்தது. ஞாபகமில்லை என்று சொல்லலாம். ஆனால் ஞாபகம் இருந்தது. தேடி முடித்ததும் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

முக்கால் மணி நேரம் தேடியிருப்பேன். திரும்பி வந்தபோது டெல்மர் கண்ணைத் திறந்தபடியே போயிருந்தான்.

கீழே கொண்டுபோகுமுன் துப்பாக்கியைக் காலி செய்ய வேண்டுமே என்று எடுத்து, போல்ட்டை இழுத்தேன். அறைக்குள்ளிருந்து பதினைந்தாவது கூடு தெறித்து என் பூட்ஸ்மேல் விழுந்தது. கடைசி வெடிக்குப் பிறகு அவன் போல்ட்டை இழுக்கவே இல்லை. ஆறு வயதுப் பிள்ளைகூட முதலில் அங்கேதான் பார்த்திருக்கும்.

நடந்தது இவ்வளவுதான். எழுதியது நான்தான், கையெழுத்தும் என்னுடையதுதான். அவன் என்னால்தான் செத்தான் என்று ருத்தான் சொல்கிறாள். தம்பி அல்லவா, அப்படித்தான் சொல்வாள். சுட்டு முடித்ததும் கூட்டை வெளியே தள்ள வேண்டும் என்பது தெரியாதவனை, ஐயா, வேறு யார்தான் காப்பாற்றியிருக்க முடியும்?