ஆட வந்தவர்களின் வருகைத் தாள்

மேடையில் இருக்கும் ஃபாதர் கிரிஸ்பின் அவர்களே, கோச்சின் மனைவி லுஸ்மிண்டா அக்கா அவர்களே, ஒன்பது நாளாகத் துக்கம் காக்க வந்து தர்பூசணி விதை கொறித்தே இந்தக் கோயிலைக் குப்பையாக்கிய நவோட்டாஸ் படகுத்துறைப் பெருமக்களே! பெண்கள் கூடைப்பந்து அணித் தலைவி என்பதால் என்னைப் பேச அழைத்தார்கள். வேறு வழியில்லாமல்தான் அழைத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நம் மாண்புமிகு கோச் நெமேசியோ யார்? கூடைப்பந்து ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் ஆட்டமே வராதவர்! பாட்டுப் போட்டால் இடது கால் ஓர் ஊருக்கும் வலது கால் இன்னோர் ஊருக்கும் கிளம்பும். ஒருமுறை அவருடைய விசிலில் மிளகாய்ச் சாற்றை ஊற்றி வைத்தேன். கண்ணீர் கொட்டக் கொட்ட ஊதி முடித்துவிட்டுச் சொன்னார்: "ஏ வாலு, காரம் பத்தல. போய் பத்து ரவுண்டு ஓடு!"

அப்படிப்பட்டவர் ஏன் நடன வகுப்புக்குப் போனார்? அரசாங்கம் போதைக்காரர்களை வேட்டையாடத் தொடங்கியபோது, சரணடைந்து, சனிக்கிழமை காலையில் நம் மைதானத்தில் பாட்டுக்கு ஆடி உடற்பயிற்சி செய்தால் உயிருக்குப் பயமில்லை என்றார்கள். என் அண்ணன் ஆர்னெல் சரணடைந்தான். ஆமாம், பழக்கம் இருந்தது. முதல் வாரம் நாம் என்ன செய்தோம்? வேலியோரம் நின்று சிரித்தோம். "குலுக்குடா அழகா!" என்று கத்தியது யார்? நான்தான். அண்ணன் பாதியிலேயே ஓடிவிட்டான்.

அடுத்த வாரம் கோச் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "பக்கத்துல நான் ஆடுறேன்டா. என்னைப் பாத்தப்புறம் உன்னை எவன்டா பாப்பான்?" எவனும் பார்க்கவில்லைதான்! ஆடியவர்கள் வருகைத் தாளில் கையெழுத்திட வேண்டும். சிகரெட்கூடத் தொடாத மனிதர் வரிசையில் நின்று ஏழு சனிக்கிழமையும் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள்தான் கொல்ல வேண்டியவர்களின் பட்டியலாகப் போனது. பைக்கில் வந்த முகமூடிக்காரர்கள் கோச்சின் பெயரைப் படித்தார்கள், சுட்டார்கள். அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டார்களா?

அதே தாளில் இன்னும் முப்பத்தெட்டுப் பெயர். ஒன்று என் அண்ணன். அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

கோச்சின் சவப்பெட்டியின் மேல் விட்ட கோழிக்குஞ்சு, கொன்றவனின் மனசாட்சியைக் கொத்துமாம். ஒன்பது நாளாகத் தனியாகக் கொத்துகிறது, பாவம். நாமும் கை கொடுக்க வேண்டாமா? நாளை சனிக்கிழமை. கோச் செய்ததை நாம் எல்லோரும் செய்வோம்! மீன் விற்பவர், வலை பின்னுபவர், பள்ளி ஆசிரியர், ஃபாதர் உட்பட அத்தனை பேரும் ஆடுவோம், கையெழுத்திடுவோம். படகுத்துறையே பட்டியலில் இருந்தால் யாரைத் தேடுவார்கள்? இதோ புதிய தாள். முதல் பெயர் என்னுடையது.

நேற்று இதைச் சொன்னதும் அம்மா கரண்டியை ஓங்கினார். "ஒரு பிள்ளை பேரு அதுல இருக்கிறது பத்தாதாடி?"

அம்மா? நீ ஏன் மேடைக்கு வர்றே? சரி, இந்தா பேனா. அம்மா, அது என் பேரு, கீழே நிறைய இடம் இருக்கே!

பெரியோர்களே, என் அம்மா என் பெயருக்கு மேலே இருந்த துளி இடத்தில் நெருக்கி எழுதுகிறார். தேடி வந்தால் முதலில் தன்னிடம் வரட்டுமாம்.

லுஸ்மிண்டா அக்கா, அடுத்து நீங்களா? வாங்க. ஃபாதர், வரிசையில் நில்லுங்கள். யாராவது என் அண்ணனுக்குக் காலணி எடுத்து வையுங்கள். நாளை காலை ஆறு மணிக்கு அவன் ஆட வருவான்.