மங்களம் முடியும் வரை வண்டி பூட்டாதீர்!

அவைக்கு அணியாய் அமர்ந்து தலைமை தாங்கும் ஸ்ரீரங்கம் வீரராகவாச்சாரியார் சுவாமிகளே! எங்கள் சங்கீத சபையின் பொக்கிஷதாரர், மலைக்கோட்டை ஜவுளிக்கடைப் பெரியண்ணன் அவர்களே! இன்னும் சற்று நேரத்தில் இன்னிசை பொழிய இருக்கும் ரங்கநாயகி அம்மையாரே! தறியை நிறுத்திவிட்டு உறையூரிலிருந்து வந்திருக்கும் சகோதரர்களே! பாலக்கரைப் பெரியோர்களே! திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! எல்லோருக்கும் மேலாக, இத்தனை காலமும் இந்தப் பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டு, இன்றுதான் முன்வரிசைக்கு வந்திருக்கும் ஜட்கா வண்டிக்காரத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் நமஸ்காரம், என் சலாம்!

சபையோரே, இந்தப் பந்தல் எதற்காக? யாருக்கேனும் கல்யாணமா? கவர்னர் துரையின் விஜயமா? இல்லை. இது ஒரு காலுக்காகப் போட்ட பந்தல்! சிரிக்காதீர்கள். அதோ, மேடைக்கு இடப்புறம் கட்டிலில் சாய்ந்திருக்கிறாரே சேக் மைதீன், அவருடைய வலது காலுக்காகப் போட்ட பந்தல்!

அவரை அறியாதவர் இவ்வூரில் உண்டா? ரயிலடியில் இறங்கும் வித்துவான்களை எல்லாம் ஏற்றி வந்தவர் யார்? மழையிலே மிருதங்கம் நனையாமல் தம் போர்வையைப் போர்த்தியவர் யார்? வண்டி மைதீன்தான்! அவருடைய குதிரை சுல்தானுக்குக்கூடத் தாளம் தெரியும் என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

சென்ற மாதம் ரங்கநாயகி அம்மையார் ஸ்ரீரங்கத்திலிருந்து நம் சபைக்குப் பாட வந்துகொண்டிருந்தார். காவிரிப் பாலத்து முனையில் எதிரே வந்த பஸ் அலறிய அலறலில் சுல்தான் மிரண்டது. வண்டி கரைச்சரிவை நோக்கிச் சாய்ந்தது. ஒரு தாவு தாவியிருந்தால் மைதீன் தப்பியிருப்பார். தாவினாரா? தப்பினாரா? கீழே இறங்கித் தோள்கொடுத்து வண்டியைத் தாங்கினார். வண்டி நின்றது, அம்மையார் பிழைத்தார். ஆனால் சக்கரம் நின்றது அவர் காலின் மேல்!

அந்த வேதனையிலும் அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அம்மா, தம்புராவுக்கு ஒண்ணும் ஆவலையே?"

பார்த்த டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டா உயிருக்குப் பயமில்லை. காலும் வேணும்னா புண்ணு கொஞ்சம் ஆறினதும் பட்டணத்துக்குக் கொண்டு போங்க. எலும்பைப் பொருத்துறவங்க அங்க இருக்காங்க. செலவு ஆகும்." மைதீனின் மனைவி கமருன்னிசா அம்மாள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கால் போனாலும் அவரு இருப்பாருங்க. ஆனா வண்டியில ஏற முடியலன்னா, அவரு எப்படிங்க இருப்பாரு?"

இதற்குப் பதில் எனக்கு வருமா? உங்களுக்கு வருமா? ரங்கநாயகி அம்மையாருக்கு வந்தது! மைதீனுக்காக ஒரு கச்சேரி வைக்க எண்ணி, சன்மானம் பற்றிப் பேசப் போன எங்களைப் பார்த்து, "எனக்கெதற்குச் சன்மானம்? நான் பாடறேன். நீங்க அவரைப் பட்டணத்துக்கு அனுப்புங்கோ" என்றார். (கரகோஷம் போதாது, இன்னும் தட்டலாம்!)

கச்சேரி நிச்சயமாயிற்று. நோட்டீஸ் அச்சாயிற்று. அங்கேதான் ஐயா, எங்கள் பெரியண்ணன் அவர்கள் ஒரு காரியம் செய்தார்! நம் சபை நோட்டீஸ் எல்லாவற்றிலும் கடைசி வரி என்ன? "கச்சேரி முடிவில் ஜட்கா வண்டிகள் தயாராக நிற்கும்." பழக்க தோஷம்! இந்த நோட்டீஸிலும் அதே வரியைப் போட்டுவிட்டார். ஜட்காக்காரருக்கு உதவிக் கச்சேரி, அதற்கு ஜட்காக்காரர்கள் எல்லாம் வெளியே நிற்க வேண்டும்! எப்படி இருக்கிறது நியாயம்? அண்ணே, முகத்தை மூட வேண்டாம், ஊருக்கே தெரிந்துவிட்டது.

மறுநாளே வண்டிக்கார நண்பர் அப்துல் மாலிக் நோட்டீஸும் கையுமாக வந்தார். "ஏங்க, கச்சேரி எங்க மைதீன் பாய்க்குத்தானே? நாங்க எல்லாம் வெளியில நின்னா, அவரு பக்கத்துல யாருங்க உட்காருறது?" என்றார். வெட்கிப் போனோம். அன்றைக்கே முடிவு செய்தோம்: வண்டிக்காரர்களுக்கு முன்வரிசை!

அந்தச் சேதியைச் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனேன். "பாய், அம்மா என்ன பாடணும்? நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் சிரித்தார். "தோடி கேட்டிருக்கேங்க, காம்போதி கேட்டிருக்கேங்க. மங்களம் மட்டும் முழுசாக் கேட்டதே இல்லீங்க. அது ஆரம்பிச்சாத்தான் நாங்க குதிரையைப் பூட்டணுமே!"

சபையோரே! மங்களம் முடிந்ததும் நாம் மேல்துண்டை உதறிக்கொண்டு போய் வண்டி ஏறுகிறோமே, அந்த வண்டி எப்படித் தயாராக நின்றது என்று என்றேனும் நினைத்தோமா? ஒவ்வொரு கச்சேரியிலும் தன் பங்கு மங்களத்தை விட்டுக்கொடுத்து ஒருவர் குதிரைக்கு வாரைக் கட்டிக்கொண்டிருந்தாரே, அவரை நினைத்தோமா?

ஆகவே இன்று மங்களத்தின்போது ஒருவரும் எழக்கூடாது. ஒரு வண்டியும் பூட்டக்கூடாது! "அப்படியானால் ஸ்ரீரங்கத்துக்கு எப்படிப் போவது?" என்று பின்னால் ஒருவர் கேட்கிறார். நடந்துதான் சுவாமி! நிலாக் காய்கிறது, காவிரிக் காற்று வீசுகிறது, நடந்தால் ஜீரணமும் ஆகும். டிக்கெட் பணம் பெரும்பாலும் சேர்ந்துவிட்டது, கொஞ்சம்தான் குறை. இன்று உங்களுக்கு மிச்சமாகும் வண்டிக்கூலியை வாசலில் இருக்கும் தாம்பாளத்தில் போடுங்கள். அந்தக் குறையும் தீரும். நம் பெரியண்ணன் செய்த பிழைக்கு இதைவிட நல்ல பரிகாரம் உண்டா?

மங்களம் முழுவதும் முடிந்த பிறகு ஒரே ஒரு வண்டி பூட்டப்படும். சுல்தான் இழுக்கும். அப்துல் மாலிக் ஓட்டுவார். எத்தனையோ பேரை உள்ளே ஏற்றிவிட்டு முன்பலகையில் உட்கார்ந்தே வந்த சேக் மைதீன், இன்று திண்டிலே சாய்ந்து, உள்ளே வருவார். நாம் அத்தனை பேரும் பின்னால் நடந்து போய், பட்டணத்து மெயிலில் அவரை ஏற்றிவிடுவோம். ஏற்றிவிட்டு என்ன சொல்வோம்? "பாய், போயிட்டு வாங்க. ரெண்டு காலோட வாங்க. அடுத்த கச்சேரிக்கு அம்மாவை நீங்கதான் கூட்டிக்கிட்டு வரணும்!"

வருவார்! நம்பிக்கையோடு சொல்கிறேன், வருவார்!

அம்மையார் சுருதி சேர்க்கத் தொடங்கிவிட்டார். இனியும் பேசினால் என்னை நீங்கள் மன்னித்தாலும் அவர் மன்னிக்க மாட்டார். இடம் தந்த தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், கொடுக்கப் போகும் கைகளுக்கும், நடக்கப் போகும் கால்களுக்கும் என் நன்றி. மைதீன் பாய், சாய்ந்து கேளுங்கள். இன்று மங்களம் முழுவதும் உங்களுக்கு. வணக்கம்!