எழுபத்தேழா, எழுபத்தெட்டா

கண்டோன்மென்ட் தபால் ஆபீஸில் பதிவுத் தபால் வரிசை. எனக்கு முன்னால் அரக்கு முத்திரையிட்ட உறையுடன் ஒரு பள்ளி வாத்தியார், பக்கத்தில் அவருடைய சிநேகிதர்.

“கல்வெட்டுல இருக்கிறது அப்போ நடந்துக்கிட்டிருந்த சாலிவாகன வருஷம். எழுபத்தேழு கூட்டினாத்தான் இங்கிலீஷ் வருஷம் வரும். எங்க பள்ளிக்கூடத்து சீனிவாசன் அதை முடிஞ்ச வருஷம்னு நினைச்சு எழுபத்தெட்டு கூட்டிட்டான்.”

“ஒரு வருஷம்தானே, சார்.”

“அந்தக் கணக்குக்குத்தான் கல்வெட்டு இலாகா கச்சேரியில அவனுக்குச் சால்வை போத்தினாங்க. அந்தக் கல்லை முதல்ல பாத்தவன் நான். இலாகா துரைக்கே எழுதிட்டேன். சால்வை இறங்கட்டும்.”

“இதுவரைக்கும் ரொம்பப் பழசுன்னு சொல்ற கோலார் கல்லும் இதுவும் ஒரே வருஷம்னுதானே அவன் எழுதினான்?”

“ஆமா.”

“உங்க கணக்குப்படி அவன் கல்லு ஒரு வருஷம் மூத்ததாயிடுமே. மைசூர் சீமையிலேயே பழசு. உங்க காயிதத்தைக் காட்டியே இன்னொரு சால்வை போத்துவாங்க, சார்.”

வாத்தியாருடைய உறை அதற்குள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. ரசீது எழுதி முடிக்கும்வரை அதைத் திரும்பக் கேட்டு வாங்கலாம். இந்த விதியை நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கை ஏற்கெனவே ஜன்னலுக்குள் நீண்டிருந்தது.